ஆடி மாதத்தில் பட்டினி கிடந்த பாம்பு

கப்பலுக்குக் கிளம்புகிற அன்று என் மகன் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளையும் துடைத்து வைத்துவிட்டு, "யம்மா, இதுங்கள கொளத்தூர் தோஸ்து வூட்ல வுட்டுட்டுப் போறேன்" என்றான்.

ஒரு பெட்டியில் பாம்பு. இன்னொன்றில் உள்ளங்கை அகலத்துக்கு, காலெல்லாம் மயிர் வைத்த சிலந்தி. இரண்டும் வெளிநாட்டு ஜாதி. பாம்புக்கு விஷம் கிடையாது, பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். அரசாங்கத்தில் முறையாகப் பதிந்துதான் வைத்திருக்கிறான். கொளத்தூர்க்காரன் அவனோடு படித்தவன், அங்கே வண்ணமீன் கடை வைத்திருக்கிறான்.

எனக்குச் சுருக்கென்றது. காசிமேட்டில் கூடை இறக்கி, ஏலத்தில் ஆம்பளைகளோடு சரிக்குச் சரி நின்று மீன் எடுத்து, ராயபுரத்தில் பாதிப் பேருக்குக் குழம்பு கொதிக்க வைத்தவள் நான். ஒரு பாம்புக்குச் சோறு போடத் தெரியாதா?

"இன்னாத்துக்கு அவன்? நான் செத்தா பூட்டேன்?"

"இல்லமா, எலி போடணும். நீ பயப்படுவ."

"வஞ்சிரத்த உயிரோட கையில புடிச்சவடா நான். செத்த எலிக்கா பயப்படுவேன்? பெட்டிய வெச்சிட்டுப் போ."

வாய் அப்படிப் பேசியது. மனசில் இருந்த கணக்கு வேறு. என் மகனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை. வீட்டுக்கு வந்தால் என்னிடம் 'சாப்டியா', 'மாத்திரை போட்டியா' என்பதற்கு மேல் பேச்சு வராது. ஆனால் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கப்பலில் யார் யாரை அடித்தான், எந்தத் துறைமுகத்தில் மழை என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பான். அடுப்படியில் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வேன். பாம்பு கொளத்தூருக்குப் போனால், திரும்பி வரும்போது அவனும் கொளத்தூரில்தான் போய் உட்காருவான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் செய்முறை எல்லாவற்றையும் ஃபோனில் பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போனான். ஐஸ்பெட்டியில் உறைந்து கிடக்கும் வெள்ளை எலியை எடுத்து வெந்நீரில் போட்டுச் சூடேற்ற வேண்டும். இடுக்கியால் வாலைப் பிடித்து ஆட்டிக் காட்ட வேண்டும். சிலந்திக்கு ஒரு சில்வண்டு போட்டால் போதும், அதுவே பிடித்துக்கொள்ளும். நான் போட்ட முதல் எலியைப் பாம்பு சரக்கென்று வாங்கியது. இரண்டாவதையும் வாங்கியது. என் கைராசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்த வாரம் எதிர்வீட்டுக்காரி மோருக்கு ஐஸ் கேட்டு வந்தாள். நான் இறால் உரித்துக்கொண்டிருந்ததால், நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். ஐஸ்பெட்டியைத் திறந்தவள் போட்ட சத்தத்தில் மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரியே நின்றிருக்கும்.

"யக்கா! இன்னாக்கா இது, கெளுத்திப் பக்கத்துல எலி கீது!"

"அது பாம்புக்குடி. கத்தாத."

"எந்தப் பாம்புக்கு?"

உள்ளறையைக் காட்டினேன். போய்ப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பாம்பு தலையைத் தூக்கி அவளைப் பார்த்து நாக்கை நீட்டியது. அவள் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"ஆடி பொறக்கறப்போ ஆத்தா உன் வூட்டுக்கு வந்துக்கீறா. நீ இன்னாடான்னா இறா உரிச்சிக்கினுகீற!"

சாயங்காலத்துக்குள் தெருவே வந்துவிட்டது. பால், முட்டை, மஞ்சள், வேப்பிலை. கண்ணாடியில் பொட்டு ஒட்டினார்கள். உள்ளே ஒரு சொட்டுப் பாலும் விடக்கூடாது என்று நான் அதட்டியதால் பெட்டி முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். பாம்பு யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிலந்தி யார் என்பதில்தான் சண்டை வந்தது.

"அது ஆத்தாவுக்குக் காவலு" என்றாள் ஒருத்தி.

"காவலுக்கு எட்டு காலு எதுக்கு?"

"நாலு பக்கமும் பாக்கணும்ல? பக்கத்துக்கு ரெண்டு காலு."

அத்தோடு அது முடிந்தது. சிலந்திக்கும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? தண்ணி லாரி வந்தால் என் குடத்துக்கு முதல் இடம். கோயிலில் ஊற்றிய கூழில் முதல் சொம்பு என் வீட்டுக்கு வந்தது. என் மீனில் முள் அதிகம் என்று வருஷக்கணக்காகப் பேசின வாய்கள் எல்லாம் என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றன. வரிசை நீளமானால், கூடையை ஒதுக்கி வழிவிடுகிற மாதிரி கையை ஆட்டி நான்தான் ஆளை உள்ளே அனுப்பினேன்.

பாம்பு சாப்பிடுவதை நிறுத்தியது.

எலியை ஆட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டது. மீன் வாடையோ என்று சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்தேன். எலியை இன்னும் கொஞ்சம் சூடாக்கினேன். ஒரு நாள், "ராஜாத்தி, ஒரு வாயி வாங்கிக்கோடா" என்று கொஞ்சியும் பார்த்தேன். பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் புதைத்துக்கொண்டது. ஒரு முறை ஐஸ் கரைந்த எலியை மறுபடி ஐஸில் வைக்கக்கூடாது என்பதால், சந்திலிருந்த பூனைகள்தான் கொழுத்தன.

மகன் ஃபோனில் கூப்பிட்டபோது உள்ளதைச் சொன்னேன். ஃபோனைக் கண்ணாடிப் பக்கம் வைக்கச் சொன்னான். வைத்தேன். "இன்னாடா, அம்மா போட்டா துன்ன மாட்டியா?" என்றான் பாம்பிடம். அப்புறம் என்னிடம், "ஞாயித்துக்கெழம தோஸ்த அனுப்பறேன்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே மடங்கியிருந்தன. பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். அசைவில்லை. பாம்பு பட்டினி, சிலந்தி சாவு, என் மகன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

எதிர்வீட்டுக்காரிக்குச் சேதி போனதும் அவள் ரோஜா மாலையோடு ஓடிவந்தாள். ஒருத்தி ஊதுபத்தி கொளுத்தினாள். எங்கே சாவு என்றாலும் முதல் ஆளாக மாரடிக்க உட்காருகிறவள் தெருமுனையில் ஒருத்தி இருக்கிறாள். அவள் வந்து பெட்டி முன்னால் குந்தினாள்.

"எட்டு காலு வெச்சவளே, எங்க தெருவக் காத்தவளே, ஒத்தக் கொலுசு போடாம ஓடிப்போனியே..."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. செம்பருத்தித் தொட்டியில் குழி தோண்டியாயிற்று. கரண்டியால் சிலந்தியை எடுக்க நான் மூடியைத் திறந்தபோது, வாசலில் பைக் சத்தம். தலையில் ஹெல்மெட்டோடு கொளத்தூர்க்காரன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஆயா! கைய வெக்காத! அது சாவல, சட்ட உரிக்குது!"

"யாரப் பாத்து ஆயான்ற? உங்க ஆயா வயசா எனக்கு?"

"சரி யம்மா, மூடிய மூடும்மா மொதல்ல!"

மூடினேன். எல்லோரும் குனிந்து பார்த்தோம். மல்லாந்த உடம்பு மெல்லத் திறந்தது. உள்ளேயிருந்து ஒவ்வொரு காலாக, கையுறையிலிருந்து விரலை உருவுகிற மாதிரி, புதுசாக இன்னொரு சிலந்தி வந்தது. பழையது பக்கத்தில் காலிக் கூடாகக் கிடந்தது. ஒப்பாரி வைத்தவள் அப்படியே குலவை போட்டாள். மாலையைத் திரும்ப எடுத்துப்போக மனசில்லாமல் கொளத்தூர்க்காரன் கழுத்தில் போட்டார்கள்.

அவன் மாலையோடு பாம்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தான். முதுகெலும்பு லேசாகத் தெரிந்தது.

"இவ்ளோ ஜனம் மூஞ்சிகிட்ட வந்து நின்னா எப்டிம்மா துன்னும்? கற்பூரம், பொகை, ஓயாத காலடிச் சத்தம். இது கூச்சப்படற ஜாதி."

"லாரி போனா என் வூடே ஆடுது. அதுக்குக் கூச்சப்படல, மனுசாளுக்குக் கூச்சப்படுதா?"

"லாரி எட்டிப் பாக்காதும்மா. அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். அதுக்குள்ள துன்னலைன்னா ரெண்டையும் தூக்கினு போயிடுவேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

செத்த சிலந்தி எழுந்த சேதி கொருக்குப்பேட்டை வரைக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தெரியாத முகங்கள் எல்லாம் தட்டோடு வந்து நின்றன. உடுக்கைக்காரனையும் கூட்டி வந்திருந்தார்கள். என் வாழ்நாளில் என் வாசலில் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை, என் வீட்டுக்காரர் சாவுக்குக்கூட. நான் அதற்குள் எலியைச் சூடாக்கிப் பெட்டியில் வைத்து, மகனுடைய கறுப்பு லுங்கியால் மூடி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"யக்கா, கதவத் தொற" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"தொறக்க மாட்டேன். எல்லாரும் போங்க."

"ஆடி வெள்ளியாக்கா! வயித்துப் புள்ளக்காரி புழல்லேந்து வந்துக்கீறா!"

"அவளுக்கு மோர் தரேன், குடிச்சிட்டுப் போவட்டும். அது சாமி இல்லடி. என் புள்ள வளக்கற பாம்பு. பசியா கீது."

"ஆத்தாவ வூட்ல பூட்டி வெச்சிக்கினு பசி கிசின்றியே, உனக்குத் திமிரா?"

"ஆமாண்டி, திமிருதான். இந்தத் திமிருலதான் முப்பது வருசம் மீன் வித்தேன். உடுக்கைய அடிச்சே, புடுங்கித் தலையில கவுத்துடுவேன், போ அந்தாண்ட!"

உடுக்கைக்காரன் முதலில் நகர்ந்தான். பிறகு மற்றவர்கள். மண்ணை வாரித் தூற்றாத குறைதான். மத்தியானம் கூழ் வண்டி வந்தது. என் வாசலில் நிற்காமல் போனது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அதைக் காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

இருட்டின பிறகுதான் கதவைத் திறந்தேன். மெயின் ரோட்டில் லாரி போய்க்கொண்டிருந்தது, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஆடியது. லுங்கியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். எலி இல்லை. பாம்பின் நடு உடம்பில் ஒரு மேடு. தொடாமல், பேசாமல், லுங்கியை இழுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர்க்காரன் கூடையோடு வந்தான். பார்த்தான், சிரித்தான், என் கையால் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வெறும் கூடையோடு போனான்.

மறுநாள் தண்ணி லாரி வரிசையில் என் குடம் கடைசியில் இருந்தது. எதிர்வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். சண்டைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"இன்னாக்கா, ஊர வெரட்னியே, துன்னுச்சா உன் பாம்பு?"

தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. துன்னுச்சுடி, என் கையால துன்னுச்சு என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால், பட்டினி கிடந்த ஆத்தா விரதம் முடித்துவிட்டாள் என்று அந்த நிமிஷமே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"எங்கடி" என்றேன். "நான் போட்டா மோந்துகூடப் பாக்க மாட்டேன்னுது. எனக்கு அந்த ராசி இல்ல."

"அப்டி சொல்லு. ஆத்தா உன் வூட்ட வுட்டே பூட்டா" என்றாள். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதற்கப்புறம் யாரும் என் வாசல் பக்கம் வரவில்லை. நான் என் முறை வரும் வரைக்கும் நின்று, குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.