திறக்காத ஃபைலில் அப்பாவின் முகம்

நான் தண்ணீர்ப் போத்தல் வாங்கித் திரும்புவதற்குள் கண்டி பஸ் நிலையத்தில் அப்பாவைக் காணவில்லை. ஞாபக மறதி உள்ளவர். கிளினிக்குக்காகப் புசல்லாவையிலிருந்து அழைத்து வந்திருந்தேன்.

தேடிக் களைத்து, நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு ஓடினேன். கோயில் அட்டைக்காக அவர் படத்தை வைத்துத் தம்பி செய்த ஃபைல் மட்டுமே என் போனில் இருந்தது. போட்டோ திருத்தும் மென்பொருளில் அது திறக்கவில்லை. அச்சகக்காரர் ஃபைலின் பெயரை மாற்றியும் பார்த்தார். தம்பியின் போனும் வேலை செய்யவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன்.

கல்யாண அட்டைக்காகக் காத்திருந்த, பக்கத்து ஊரான மடவளையைச் சேர்ந்த முஸ்லிம் பெண் ஒருவர் எழுந்து அச்சகக்காரரிடம் வந்தார்.

"இது வெக்டர் ஃபைல், நானா. போட்டோ சொஃப்ட்வெயார்ல திறக்காது. பிரவுசர்ல இழுத்துப் போட்டுப் பாருங்க."

திரையில் அப்பா தெரிந்தார். அந்தப் பெண் உடனே அதைப் படமெடுத்து, தங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். நோட்டீஸ் அச்சாகுமுன்பே பதில் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பஸ் மாறி ஏறியிருக்கார், தங்கச்சி. எங்கட பள்ளிவாசலுக்கு முன்னால தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காராம். வாங்க, நானும் வாறேன்."

அப்பாவைக் கண்ட நிம்மதியில், அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கக்கூட அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் யாராவது பதறி நிற்பதைக் கண்டால், என்னவென்று கேட்காமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.