விரிசல் விட்ட பாய்லரைப் பார்க்கப் பம்பாய் போனோம்

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினோம். நாற்பது கிலோமீட்டர். எங்கள் சுற்றுவட்டாரத்தைத் தாண்டிய கதையே என் பயணங்களில் அதிகம் கிடையாது. ராயக்கோட்டையில் பிறந்தேன், ஓசூரில் வாழ்க்கைப்பட்டேன். பம்பாய் வரை போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் கணவர் முனிரத்தினம் தளிப் பக்கத்துக்காரர். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்து பதினைந்து வருடம் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலில். ஓய்வு பெற்று வந்தபின் ஓசூரில் ஒரு சாயத் தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர் வேலை கிடைத்தது.

மூன்று வாரத்துக்கு முன், அந்தப் பாய்லரில் நீராவி சேரும் டிரம்மில் ஒரு விரிசலைப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை, அணைத்துவிட்டார். வெளிநாட்டு ஆர்டர் பாதியில் நின்றது. மேனேஜர் ஓடிவந்து பற்றவைக்கச் சொன்னார். இவர் மாட்டேன் என்றார்.

"சண்டையில விரிசல் விட்ட பாய்லரையே ஓட்டுனேன்னு கேன்டீன்ல கதை சொல்லுவியே, இங்க மட்டும் கை நடுங்குதா?" என்று பாய்லர் ரூம் ஆட்கள் முன்னால் கேட்டாராம் மேனேஜர்.

அன்றே சஸ்பெண்ட். வேறு ஆளை வைத்து மறுநாள் விரிசலோடேயே பாய்லரை ஓட்டினார்கள். வேலை திரும்ப வேண்டுமானால் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள்; விசாரணை வரும் திங்கட்கிழமை. இந்த நேரத்தில்தான் பேப்பரில் செய்தி: பணி முடித்துப் பம்பாயில் நிற்கும், இவர் வேலை பார்த்த கப்பலை அருங்காட்சியகமாக்கப் போகிறார்கள், பொதுமக்கள் பார்க்கச் சில நாட்கள் திறந்திருக்கும்.

"போயிட்டு வந்துடறேன் ரத்னா," என்றார்.

விசாரணைக்குப் பயந்து ஓடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். "நானும் வரேன்," என்றேன்.

வியாழன் காலை. பெங்களூரில் இரவு ஏறிய ரயில் குல்பர்காவைத் தாண்டியிருந்தது. எதிர் இருக்கையில் சோலாப்பூர் போகும் பருப்பு வியாபாரி ஒருவர். எங்கே போகிறோம் என்று கன்னடத்தில் கேட்டார். இவர் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அந்தப் பழைய இரும்பையா? உடைச்சு வித்தா சர்க்காருக்காவது லாபம்."

என் கணவர் கோபப்படவில்லை. "தண்ணில மிதக்கிற வரைக்கும் அது கப்பல்தான் சாமி. இரும்பாகிறது அப்புறம்," என்று அவருக்குக் கன்னடத்திலும், திரும்பி எனக்குத் தமிழிலும் சொன்னார். பிறகு சோலாப்பூர் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெங்களூரிலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் இருக்கும். சாயங்காலம் பம்பாயில் இறங்கி, மாட்டுங்காவில் தமிழர் நடத்தும் ஒரு லாட்ஜில் தங்கினோம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கப்பல்துறை வாசலில் நீளமான வரிசை. உள்ளே போனதும் முதலில் கப்பல் என்றே எனக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மலைச்சுவர் நின்றது. எழுநூறு அடி நீளம் என்றார் இவர். படியேறி மேல்தளத்துக்குப் போனால், ராயக்கோட்டைத் தக்காளி மண்டியைப் போல நாலைந்து மண்டி போடலாம். அவ்வளவு வெட்டவெளி.

முன்பக்கம் தளம் மேல்நோக்கி வளைந்திருந்தது. அதைப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கியது.

"இது என் காலத்துல இல்ல. விமானம் எகிறிப் போக அப்பறமா வெச்சது. அப்பல்லாம் விமானத்தை நீராவிதான் தூக்கி வீசும். அந்த நீராவி எங்க பாய்லர்ல இருந்து வரும்."

தளத்துக்குக் கீழே விமானங்களை நிறுத்தும் பெரிய கூடத்தில் கப்பலின் வரலாற்றைப் பலகைகளில் எழுதி வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் கட்ட ஆரம்பித்தார்கள். உலகப்போர் முடிந்ததும் பாதியில் விட்டார்கள். நாம் வாங்கி முடிக்கச் செய்து, அறுபத்தொன்றில் நம் கொடியை ஏற்றினோம். எழுபத்தொன்றில் கிழக்கே போர் வந்தபோது வங்கக் கடலுக்குப் போய், அங்கிருந்து அதன் விமானங்கள் பறந்து துறைமுகங்களைத் தாக்கின. தொண்ணூற்றேழில் ஓய்வு. இவர் ஒவ்வொரு பலகையாக வாசித்து எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் பலகை வந்ததும் மறுபடி முதல் பலகைக்குப் போனார். பாய்லர் அறையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கீழே போகும் இரும்பு ஏணியருகே சங்கிலி போட்டிருந்தது. காவலுக்கு நின்ற சர்தார்ஜியிடம் இந்தியில் பேசினார். அவர் தலையாட்டி மறுத்தார். இவர் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வாங்க போலாம், எல்லாரும் பாக்கறாங்க," என்றேன்.

"பாக்கட்டும். இவங்க பாக்க வந்தது மேல. நான் வந்தது கீழ."

பிறகு விறைப்பாக நின்று, தன் பழைய கடற்படை எண்ணையும் பதவியையும் சொன்னார். பதினைந்து வருடத்துக்கு முன் கடற்படையோடு விட்டுவந்த குரல். நான் கேட்டதே இல்லை. சர்தார்ஜி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்தியில் ஏதோ கேட்டார், இவர் சட்டென்று பதில் சொன்னார். சங்கிலி கழன்றது. ஒரு டார்ச்சையும் கையில் கொடுத்தார் அந்த மனிதர்.

புடவையைச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். ஒரு ஏணி, இன்னொரு ஏணி, இன்னும் ஒன்று. எண்ணெய் வாடை. கீழே நிமிர்ந்தால் தலை இடிக்கும் அளவுக்குக் குழாய்கள். நடுவில் பாய்லர்.

"இது தணிஞ்சு கெடக்குது. அப்ப இங்க நிக்கவே முடியாது, சட்டை பிழிஞ்சா தண்ணி கொட்டும்," என்றார். அதன்மேல் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"போருக்கு முன்னாடியே, இருந்த நாலு பாய்லர்ல ஒண்ணுல விரிசல். சரிபண்ண நேரமில்ல. கப்பல் வேகமாப் போனாத்தான் விமானம் ஏறும், பாய்லர் இல்லாம வேகம் ஏது? இரும்புப் பட்டை போட்டுக் கட்டுனாங்க. கெளம்பறதுக்கு முன்னாடி எங்க ஆபீசர் எல்லாரையும் நிக்க வெச்சாரு. 'விரிசல் இருக்குது. வெடிச்சா இங்க நிக்கிறவன் பொழைக்க மாட்டான். வேணாங்கிறவன் இப்பவே சொல்லு, தப்பா நெனைக்க மாட்டேன்'னாரு."

"யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தனும் சொல்லல. ஆனா கேட்டாரு ரத்னா. எங்களைக் கேட்டாரு." டார்ச்சைப் பாய்லர் பக்கம் திருப்பினார். "ஓசூர்ல பாய்லர் ரூம் சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டுப் பொம்பளைங்க துணி அலசுறாங்க. அவங்களை எவன் கேட்டான்?"

அவர் ஓடிவரவில்லை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

சனி காலை ரயில் ஏறி, ஞாயிறு மதியம் வீடு வந்தோம்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. அவர் விசாரணைக்கு உள்ளே போனார். நான் தொழிற்சாலை கேட்டிலேயே நின்றேன். சூளகிரியிலிருந்து பஸ்ஸில் வரும் சரோஜா, அந்த எட்டுப் பெண்களில் ஒருத்தி, என்னைப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டாருன்னு சொல்லிகினு இருக்காங்களே?"

"எழுத மாட்டார்," என்றேன். விரிசலைச் சொன்னேன். பம்பாயில் கேட்டதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"விரிசல்னு எங்களுக்கு யாரும் சொல்லவேயில்லையே! ரிப்பேர் முடிஞ்சிதுன்னாங்களே!"

ஒன்பது மணிக்கு எட்டுப் பேரும் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் மிரட்டினார். "வேலைய விட்டு அனுப்பிடுவாங்க" என்றார். "அனுப்புங்க, உசுரோடயாவது வீட்டுக்குப் போவோம்" என்றாள் சரோஜா. மதியத்துக்குள் மற்றப் பிரிவுகளும் வெளியே வந்தன. மறுநாள் சர்க்கார் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், பாய்லருக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்.

என் கணவரைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் பாய்லர் பக்கமே விடவில்லை, ஸ்டோரில் போட்டார்கள். சம்பளமும் குறைந்தது. மன்னிப்புக் கடிதத்தை அவர் கடைசிவரை எழுதவில்லை.

பம்பாயில் என்ன பார்த்தாய் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். கடல் பார்த்தேன், கப்பல் பார்த்தேன். அங்கே போர்க்காலத்தில்கூட நிற்பவனைக் கேட்டுவிட்டுத்தான் நெருப்பு வைத்தார்கள். எங்கள் ஊரில் சட்டைத் துணிக்குச் சாயம் ஏற்ற யாரையும் கேட்கவில்லை. அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

புதுப் பாய்லர் வந்துவிட்டது. தினமும் ஷிப்ட் தொடங்கும்போது சரோஜா நேராகப் பாய்லர் ரூமுக்குள் போய் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்க்கிறாள். உனக்கு இங்கே என்ன வேலை என்று எஞ்சினியர் ஒருநாள் கத்தியிருக்கிறார்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் நாங்கதான் சார் நிக்கிறோம்," என்றாளாம் அவள், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.