அண்ணா கூட

அந்த வருஷம் எங்கள் தெருப் பொங்கல் விழாவை நான்தான் முன்னின்று நடத்தினேன். எண்பதுகளின் கடைசி. ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தால் அப்போது தெருவிளக்கு கிடையாது. முந்தின வருஷம் நாலு பேர் குடித்துவிட்டு வந்து பெண்பிள்ளைகளிடம் வம்பு பண்ண, விழாவே பாதியில் கலைந்திருந்தது. இந்த முறை ஒரு குறை வரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். ஏழு மணிக்குள் முடிப்பது, மேடையிலிருந்து ரோடு வரை டியூப்லைட், ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பிரிக்க நடுவே கயிறு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டு. எந்தப் பெண்ணை யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று அதில் எழுதிவைத்து, அவர்களோடு மட்டும்தான் அனுப்புவோம்.

பின் தெருவில் ஒரு பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பாடுவாள். அப்பா இல்லை. அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போவார், அண்ணன் லேத் பட்டறையில். தங்கையைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் அன்றோடு படிப்பு நிற்கும் என்று அவன் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிற ஆள். நான் வீடு தேடிப் போய், "நான் பாத்துக்கறேன்க்கா" என்று அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'அண்ணன்' என்று நானே எழுதினேன்.

விழாவில் பாடி முடித்ததும் தலைவலி என்று அவள் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்ற என் நண்பன் யாருடன் போகிறாய் என்று கேட்டிருக்கிறான். "அண்ணா கூட" என்றாளாம். நோட்டிலும் அண்ணன். டிக் அடித்து அனுப்பிவிட்டான்.

கால் மணி கழித்து அவளுடைய அண்ணன் கிரீஸ் கையோடு வந்து, தங்கச்சி எங்கே என்றான்.

பால்காரர் அண்ணா, கண்டக்டர் அண்ணா, அவளுக்கு நானும் அண்ணா. எங்கள் பக்கத்தில் யார்தான் அண்ணா இல்லை? அந்த முண்டத்துக்கு, எனக்குத்தான், இது உறைக்கவில்லை. யாரோடோ ஸ்கூட்டரில் ஏறிப் போனாள் என்றான் நண்பன். அவள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம். நான் மைக்கைப் பிடித்தேன்.

பெயர், தெரு, தாவணியின் நிறம் எல்லாம் சொன்னேன். ஸ்கூட்டரில் கூட்டிப்போனவர் உடனே கொண்டுவந்து விடவும் என்று மூன்று முறை, நிறுத்தி நிதானமாக. மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் பஸ் ஸ்டாப் வரை கேட்கும்.

சற்றைக்கெல்லாம் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் அதே ஸ்கூட்டரில் பதறிக்கொண்டு வந்தார். தலைவலி என்றாளே என்று வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். அப்பாடா என்று நான் மறுபடி மைக்கைப் பிடித்து, "காணாமல் போன பெண் கிடைத்துவிட்டார்" என்றேன். பின்வரிசையில் விசிலடித்தார்கள். அவள் அண்ணன் முகத்தை அப்போதுதான் பார்த்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது, அவள் போகவில்லை. அனகாபுத்தூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, பரீட்சையாவது எழுதட்டும் என்று கெஞ்சப் போனேன். அவன் வெளியே வரவில்லை. அம்மாதான் வந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"வூட்லதான் குந்திகினு இருந்தா தம்பி. கையில சோத்துத் தட்டு. காணோம் காணோம்னு உன் குரல் கேக்குது. 'நான் இங்கதானம்மா கீறேன், அண்ணா ஏன் அப்டி சொல்றாரு'ன்னு என்னைக் கேட்டா."