ஆள் இருக்கிற வீடு

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிறுக்கு ராஜா கட்டிய அரண்மனையைப் பார்க்கப் போயிருந்தேன். தனிக்கட்டையாக வாழ்ந்தவர், அறைக்கு அறை நாலு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி பதித்திருக்கிறார்.

"எங்குட்டுத் திரும்புனாலும் கூட்டமாத் தெரியணும்னு ஆசையாம்," என்றார் சுற்றிக்காட்டியவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கள் ஆத்தா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். அப்பச்சி காலமான பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் ஆத்தாளும் நானும்தான். பொழுது சாய்ந்தால் ஆத்தாளுக்குத் திருட்டுப் பயம். எல்லா அறையிலும் விளக்கைப் போட்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "அண்ணே, சாப்புட வாரீகளா?" என்று ஊரில் இல்லாதவர்களை எல்லாம் கூப்பிடுவாள். நான் அறைக்கு அறை ஓடி, குரலை மாற்றி மாற்றிப் பதில் கொடுப்பேன்.

"ஒங்க மாமாவுக்கு இம்புட்டுக் கீச்சுக் குரலாடா?" என்று சிரிப்பாள்.

ஒருநாள் விளையாட்டாக, அப்பச்சி மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாரேன், இலையைப் போடு," என்றேன். ஆத்தா சிரிக்கவில்லை. கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இன்னொருக்காச் சொல்லுடா," என்றாள், தெருவுக்குக் கேட்காத குரலில்.

"ஐயா, எல்லாரும் போயிட்டாக. வாரீகளா?" என்று அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டார் சுற்றிக்காட்டியவர்.

"வாரேன்," என்றேன். அசல் அப்பச்சி குரல். கேட்கத்தான் ஆத்தா இல்லை.