ஜப்பான்காரி கால் நீட்டிய கட்டில்

ஐம்பதுகளில் ஒரு ஐப்பசி அடைமழை. மாமல்லபுரம் கோயிலைப் படம் வரைய வந்த ஜப்பான்காரி ஒருத்தி, தொப்பலாக நனைந்து நடுங்கியபடி எங்கள் வீட்டுக்குள் ஒதுங்கினாள்.

நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தேன். கட்டிலுக்கடியில் தணல் போட்ட கணப்புச்சட்டி.

"இன்னா நெனைப்பாளோ, அந்தச் சட்டிய எடும்மா" என்று கூசினார் என் வீட்டுக்காரர்.

"புள்ள பெத்தவளுக்குச் சூடு வாணாவா?" என்றார் மாமியார்.

அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து, தொங்கிய என் போர்வையை மடிமேல் இழுத்து, கட்டிலடியில் காலை நீட்டிவிட்டாள். குளிர்காலத்தில் அவர்கள் வீட்டிலும் மேசைக்கடியில் தணல் வைத்து, மேலே கனத்த போர்வை போட்டு, குடும்பமே சுற்றிக் கால் நீட்டுமாம். அவள் இங்கிலீஷில் சொன்னதை என் வீட்டுக்காரர்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

மாமியாரும் காலை நீட்டினார். "நீ ஏண்டா நின்னுகினு கீற? உக்காரு."

கூசிய மனுஷன், பிறகு ஊரெல்லாம் சொன்னார்: "எங்க வூடு ஜப்பான் வூடு மாதிரி."

நான் விடவேயில்லை: "அவங்க வூடுதான் நம்ம வூடு மாதிரி."