ட்ரவோரே காராமணி தின்ற கதை

எங்கள் செகூ ஊரில் ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் அவன் அம்மா அப்பாவை இழுக்க வேண்டியதில்லை. "காராமணி தின்னி" என்றால் போதும். காராமணி வயிற்றுக்குள் போனால் பிறகு என்ன சத்தம் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் யாரும் யாரையும் இப்படிச் சொல்லிவிட முடியாது, அதற்கு முறை இருக்க வேண்டும். ட்ரவோரே குடும்பத்துக்கும் ஜாரா குடும்பத்துக்கும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே அந்த முறை உண்டு. முன்பின் பார்த்திராத இரண்டு பேர்கூட, பெயரைக் கேட்ட அடுத்த நொடியே மாமன் மச்சான் மாதிரி வாய்ச்சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். அதில் கோபித்துக்கொண்டால் கோபித்தவனுக்குத்தான் அவமானம்.

தையற்காரன் ஸுமானா ட்ரவோரே எனக்கு எதிர்க்கடை. நான் நூலும் பொத்தானும் ஜரிகையும் விற்கிறவள், பெயர் தெனே ஃபமாந்தா. எங்கள் பெயருக்கும் ட்ரவோரேக்களுக்கும் கேலி முறை கிடையாது, அதனால் இருபது வருடமாக எங்களுக்குள் நேர்ப்பேச்சுதான். என்னைவிட ஐந்து வயது சின்னவன். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான், கூப்பிட்ட கையோடு என் நூலில் ஒரு குறையும் சொல்வான். இருந்தாலும் அங்கியின் கழுத்தைச் சுற்றிக் கையால் பூவேலை செய்வதில் அவனை மிஞ்ச இந்த ஊரில் ஆளில்லை. இதை அவனிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவான்.

அவன் வாழ்க்கை உட்கார்ந்தே நடந்தது. காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் இருட்டும்போது எழுந்திருப்பான். முன்பாவது மிதிக்கிற மெஷின். மூன்று வருடத்துக்கு முன்னால் மோட்டார் மாட்டினான், அதோடு அந்தக் கால்களும் ஓய்வுபெற்றுவிட்டன. மதியம் அவன் மனைவி வாஸ்ஸா கொண்டுவரும் சோறு ஒரு மலை, அதன்மேல் எண்ணெய் மிதக்கும் நிலக்கடலைக் குழம்பு. பிறகு கரியடுப்பில் தேநீர், சின்ன கிளாஸில் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பாதி கிளாஸ் சர்க்கரைதான். இத்தனைக்கும் நடுவில் "என் துணி என்னாச்சு" என்று வந்து கத்துகிறவர்கள். பெருநாள் நெருங்கினால் அந்தக் கத்தலிலேயே அவனுக்கு நெற்றி நரம்பு புடைத்துக்கொள்ளும்.

மழைக்காலம் முடிந்த சமயம் அவனுக்குத் தாகம் தீராமல் போயிற்று. குடத்தைக் காலி செய்வான், பின்பக்கம் போவான், திரும்பி வந்து மறுபடி குடத்தைத் தேடுவான். வாஸ்ஸா பிடித்துத் தள்ளித்தான் சுகாதார நிலையத்துக்குப் போனான். திரும்பி வந்தவன் கடை வாசலில் நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். தையற்காரர் வரிசை முழுக்கக் கூடிவிட்டது.

"புதுசா ஒரு நர்ஸ் வந்திருக்கா, நியேலே ஜாரான்னு பேரு. விரல்ல ஊசி குத்தினா, அட்டையில என் பேரைப் பார்த்தா. உடனே ஆரம்பிச்சுட்டா. 'ட்ரவோரே, இனிமே நீ தினமும் காராமணிதான் திங்கணும்'ங்கிறா."

"நீ என்ன சொன்னே?"

"விடுவேனா? 'உங்க வீட்டுப் பானையில கை வைக்க எனக்கு மனசு வராதும்மா, உங்களுக்கே பத்தாது'ன்னேன். அதுக்கு அவ, 'சோத்தைப் பாதியாக்கு, சர்க்கரையை விடு, விடியக்காலம் ஆத்தங்கரை வரைக்கும் நட, எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆகாதே'ன்னு அடுக்கிக்கிட்டே போறா. ஜாரா ஒருத்தி என்னை ஆத்துப் பக்கம் அனுப்புறான்னா எதுக்கு? தள்ளிவிடத்தான்."

வரிசையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், அதை இப்போது மறைக்க விரும்பவில்லை. அவள் எழுதிக்கொடுத்த தாள் நல்ல கெட்டித் தாளாக இருந்தது. படிக்காமலேயே அதை வளைத்து வெட்டிக் கழுத்துக்கு அளவுத்தாள் ஆக்கிச் சுவரில் மாட்டிவிட்டான்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை அவன் என் கடைக்கு வந்து ஊசியையும் நூலையும் நீட்டினான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் கோத்துக் குடு. உன் நூல் இப்பல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு போகுது."

எனக்கு வந்ததே கோபம். என் நூலையா? வாங்கிப் பார்த்தேன், நுனி கச்சிதமாக இருந்தது. ஒரே தடவையில் கோத்து அவன் கையில் வைத்தேன். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். நான்காம் நாள் யாரோ ஒரு பெரிய மனிதரின் அங்கியில் கழுத்துப் பூ ஒருபக்கம் சரிந்து நின்றது. ஸுமானா கையில் பூ சரிந்து நான் பார்த்ததே இல்லை. அவன் துணியை விலக்கிப் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்த நாள் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போனேன். நியேலே ஜாரா முப்பது வயதுப் பெண், துறுதுறுவென்று இருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"நான் சொன்னதையெல்லாம் விளையாட்டுன்னா நெனச்சாரு?"

"பின்னே? ஜாரா ஒருத்தி ட்ரவோரேகிட்ட காராமணி தின்னுன்னா வேற எப்படிம்மா நெனைப்பான்?"

"அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்கும் வாய் சும்மா இருக்கல, பதிலுக்கு ரெண்டு போட்டேன். தெனேம்மா, ரத்தத்துல சர்க்கரை லிட்டருக்கு ஒரு கிராம் பக்கத்துல இருக்க வேண்டியது, அவருக்கு ரெண்டரைக்கு மேல. மாத்திரையும் குடுத்தேனே?"

"வாங்கிட்டுத்தான் வந்தான். அதையும் விளையாட்டுல சேத்துட்டான் போல."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இந்த வட்டாரத்துல இன்னும் நாலு ட்ரவோரே என்கிட்டதான் வர்றாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு என் கையைப் பிடித்தாள். "உங்க பேருக்கும் அவரு பேருக்கும் கேலி கிடையாதே. நீங்க சொன்னா நம்புவாரு. இப்படியே விட்டா கண்ணு போயிடும்னு சொல்லுங்க. இப்பவே பாத்தா திரும்ப வாய்ப்பிருக்கு."

நான் நேராக அவன் கடைக்குப் போய் மோட்டாரை நிறுத்தினேன்.

"ஸுமானா, உனக்குச் சர்க்கரை வியாதி. அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் வைத்தியம், கிண்டல் இல்ல. என் நூல்லயும் குறை இல்ல, உன் கண்ணுல குறை."

நான் எப்போதும் இப்படித்தான், சுற்றி வளைக்கத் தெரியாது. அவன் சுவரிலிருந்த அளவுத்தாளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். 'தினமும் காரா' என்பது வரைக்கும் இருந்தது, மிச்சம் கழுத்து வளைவோடு போய்விட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் என்னைப் படிக்கச் சொன்னான். படித்தேன். அந்தப் பெரிய உடம்பு பொத்தென்று உட்கார்ந்தது.

"கண்ணு போயிட்டா எனக்கு வேற என்னக்கா தெரியும்?" என்றான். அவன் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து மாத்திரை. விடிந்ததும் அவனும் வாஸ்ஸாவும் நானும் ஆற்றங்கரைக்கு நடை. முதல் நாள் பள்ளிவாசல் முனையிலேயே நின்று மூச்சு வாங்கினான். பத்து நாளில் மீன்படகுகள் ஒதுங்கும் இடம் வரைக்கும் வந்துவிட்டான். அங்கே கரையில் நின்று காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, "இங்க ஒருத்தனும் துணி என்னாச்சுன்னு கேக்க மாட்டேங்கிறான், என்ன ஒரு சுகம்" என்பான். தேநீரும் ஒரே சுற்றானது, அதில் சர்க்கரை கிடையாது. அதைக் குடிக்கும்போது அவன் முகம் போகும் போக்கைப் பார்க்கவே பக்கத்துக் கடைக்காரர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

காராமணிதான் இறங்கவில்லை.

"நான் ட்ரவோரே அக்கா. முப்பது வருஷமா இந்த வரிசையில உக்காந்து போற வர்ற ஜாராவையெல்லாம் காராமணி தின்னின்னு கூப்பிட்டவன். இப்ப நானே தின்னா?"

வாஸ்ஸா கெட்டிக்காரி. பாத்திரத்தில் அடியில் காராமணி, மேலே மெல்லிசாகப் பரப்பிய சோறு. துணி போட்டுப் பார்ப்பதற்காகக் கடை மூலையில் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னால் போய் அவன் மதியம் சாப்பிடத் தொடங்கினான். எங்கள் வரிசைக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் பிற்பகலில் சில சத்தங்கள் கேட்டன. ஒவ்வொருவரும் பக்கத்துக் கடைக்காரனைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஸுமானாவோ எல்லோருக்கும் முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தப் பக்கம் எவனோ ஜாரா வந்துட்டுப் போயிருக்கான்" என்பான்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. பக்ரீத் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது நியேலே ஒரு நீலத் துணியோடு வந்தாள். கடையில் கூட்டம். ஸுமானாவைக் காணோம். அளவு கொடுக்கத்தானே என்று அவள் திரையை விலக்கினாள். நான் நூல் கொடுக்க வந்தவள் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே முக்காலியில் ஸுமானா ட்ரவோரே, கன்னம் இரண்டும் உப்பியிருக்க, உதட்டில் ஒரு காராமணி ஒட்டியிருக்க, பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தான்.

ஜாரா பெண் ஒருத்தியின் ஆயுசில் இப்படி ஒரு வாய்ப்பு இரண்டாவது தடவை வராது. அவள் திரும்பி ஒரு குரல் கொடுத்தால் போதும், செகூ முழுக்க அவன் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் பேசும். அவள் வாய் திறந்தது, பிறகு மூடியது.

"மன்னிச்சுக்குங்க. சாப்பிடுங்க. நான் அப்புறம் வரேன்."

திரையை இழுத்துவிட்டுத் துணியை என் கையில் கொடுத்துப் போய்விட்டாள்.

தப்பித்தான் என்று நினைத்தேன். அவன் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, கேட்டியா? 'ங்க' போட்டா."

"மரியாதையா பேசினா உனக்கு என்ன?"

"உனக்குப் புரியாது. எங்கப்பாவோட சாவுக்கு வந்த ஜாராக்காரங்க, 'எந்திரிடா, காராமணி ஆறிப்போகுது'ன்னு கத்தினாங்க. நாங்க அழுதுக்கிட்டே சிரிச்சோம். செத்தவனையே விடாத சனம் அது. இவ என்னை இந்த நெலமையில பாத்துட்டு மன்னிச்சுக்குங்கங்கிறா. அப்படின்னா என் உடம்பு எவ்வளவு கெட்டுப்போயிருக்கணும்?"

பெருநாள் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பட்டப்பகலில் கடையை மூடினான். வாடகை மோட்டார் சைக்கிளைத் தேடவில்லை, சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனான். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. கால் மணி நேர நடையில் அவனுக்கு மூச்சு வாங்கவே இல்லை, எனக்குத்தான் வாங்கியது. அதை அவன் கவனிக்கவில்லை.

நியேலே விரலில் குத்தினாள். கருவியைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்த்தாள். ஸுமானாவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே கால்" என்றாள். "நல்லா இறங்கியிருக்குங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. கண்ணு எப்படி இருக்குங்க?"

"அது தெளிஞ்சுட்டு வருது. மொதல்ல அந்த 'ங்க'வை எடும்மா, எனக்கு உயிரே போகுது. ஏன் என்னைக் கிண்டல் பண்ணல?"

அவள் கண் கலங்கியது. "பயம்தான். போன தடவை நான் வாயைத் திறந்ததாலதானே மூணு மாசம் வீணாப் போச்சு? திரும்பவும் கிண்டல் பண்ணி, நீங்க ரோஷப்பட்டுக் காராமணியை விட்டுட்டா? அதான் தொண்டையிலேயே நிறுத்திட்டேன். அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்."

ஸுமானா நாற்காலியில் சாய்ந்து கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டான். "இனி விட மாட்டேன். சொல்லு."

அவள் சொன்னாள். அடேயப்பா, என்ன வாய். அவன் பாட்டன் காராமணிக் கொடியில் காய்த்தவன் என்பதில் தொடங்கி, திரைக்குப் பின்னால் வாய் நிறையப் பயற்றோடு விழித்த திருடன் என்பது வரைக்கும், சுகாதார நிலையம் முழுக்கக் கேட்கும்படி, மூச்சுவிடாமல், நீ நீ என்று. வரிசையில் நின்ற நோயாளிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் கண்ணை மூடி, துஆ கேட்டு வேண்டுகிறவன் மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

இப்போது அவன் திரையைத் தூக்கிக் கட்டிவிட்டு நடுக்கடையில் உட்கார்ந்து காராமணி தின்கிறான். கேட்டால் "மருந்து" என்கிறான்.

நியேலேயின் அங்கியைப் பெருநாளுக்கு முந்தின நாள் கொடுத்தான். மறுநாள் காலை அவள் அதை அவசரமாகப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தொழுகைத் திடலில் பெண்கள் அவள் கழுத்தை உற்றுப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தாளாம். கழுத்தைச் சுற்றிப் பூவேலை என்று அவள் நினைத்தது பூ இல்லை. வரிசையாகக் காராமணி. ஊரில் உள்ள ட்ரவோரேக்கள் ஒருவர் விடாமல் வந்து அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவள் அதைக் கழற்றவில்லை, போகும் இடத்துக்கெல்லாம் அதைத்தான் போட்டுக்கொள்கிறாள்.

நான் அவளை நிறுத்தி வைத்துப் பக்கத்தில் பார்த்தேன். நாற்பத்தெட்டு மணிகள், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பு நூலால் ஒரு கண், அந்தக் கறுப்புக்குள் ஒற்றை வெள்ளைத் தையல். மெஷினில் வராது, கையால்தான் வரும். ஒன்றுகூடச் சரியவில்லை. அத்தனையும் என் கடை நூல்.