ஆறாவது தந்தியின் அடியில் இருந்த நூல்

எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மன்னாரில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள் நான். நாலு பேர் கூடினால் கதவோரமாக நிற்கிற ஆள். பெரிய பாடகி ஒருவரைப் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். கிற்றார் திருத்தும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விடயம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பெட்டி வந்த நாள்

எங்கள் பட்டறை மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கிறது. பதினோரு வருடமாக அங்கே வேலை செய்கிறேன். முதலாளி செல்வா மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் நான் அவருக்கு அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் பழைய கிற்றார்ப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அக்கா, இது யாரோடதுன்னு தெரியுமா? நோராவோடது!"

"எந்த நோரா?"

"அய்யோ அக்கா! இங்கிலாந்து ஃபோக் பாட்டுக்காரம்மா லா. இவங்க பாட்டைக் கேட்டுத்தான் நான் கிற்றாரையே தொட்டேன்."

மேசையில் சாய்ந்து நின்றபடி அவர் சொன்ன கதை இதுதான். நோரா வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர்க்காரி. பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு மதுக்கடையின் மேல்மாடியில் தன் சொந்தப் பாட்டுகளைப் பாடுவாராம். இருபத்தாறு வயதில் ஒரு இசைத்தட்டு வந்தது. அதை யாரும் வாங்கவில்லை. பிறகு முப்பது வருடம் குசினிதான். ஓய்வு பெற்ற பிறகு யாரோ இளம் பிள்ளைகள் அந்தப் பழைய தட்டை இணையத்தில் போட்டார்கள். உலகம் அவரைத் தேடிப் போனது. இப்போது வயது எழுபத்தாறு. அவுஸ்திரேலியாவுக்கு இதுதான் முதல் தடவை. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குக் கச்சேரி.

"விமானத்துல ஒரு பெக் ஒடஞ்சிருச்சு. அத மட்டும் மாத்திருங்க அக்கா. நான் சிட்னிக்குப் போயி, செவன் ஹில்ஸ்ல கிற்றாருக்கு மரம் பாத்துட்டு வந்துடறேன். ஞாயித்துக்கிழமை முன்வரிசையில இருப்பேன், பாருங்க."

பெக் என்பது தந்தியை முறுக்குகிற சாவி. அதை மட்டும் மாற்றச் சொன்னார் என்பதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

நான் செய்த நல்ல வேலை

பெக் மாற்ற அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆனால் தந்திகள் கறுத்துக் கிடந்தன. ஊத்தையோடு ஒரு கிற்றார் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் பட்டறை வழக்கம். ஆறு தந்திகளையும் கழற்றினேன். மரத்தைத் துடைத்தேன். தந்திகள் ஏறி உட்காருகிற வெள்ளை எலும்புத் துண்டைச் சாடில் என்போம். அதில் ஆறாவது தந்தி, அதாவது தடித்த தந்தி, இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு நைந்த நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்த துணியின் பிசிர் என்று நினைத்தேன். சாவணத்தால் கவ்வி எடுத்துக் குப்பையில் போட்டேன்.

புதுத் தந்தி போட்டுச் சுருதி சேர்த்தபோது மணி அடித்ததுபோல் சுத்தமாகக் கேட்டது. எனக்கு என் வேலையில் பெருமையாகவே இருந்தது.

ஞாயிறு, ஒரு மணி

கிற்றாரை மண்டபத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். செல்வா அப்போது விமானத்தில் இருந்தார். மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் நோரா கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம், கம்பளிச் சட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிய கண்ணாடி. அவர் ஆங்கிலத்தில் பேசியதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். வேறு தமிழ் எனக்கு வராது.

"வா பிள்ளை, இரு. உன்ர பேர் என்ன?"

"ரீற்றா."

"ரீற்றா, என்ர கிழவியைப் புதுப் பொம்பிளை மாதிரி வெளிக்கிடுத்திக் கொண்டு வந்திருக்கிறாய்!"

தந்தியைத் தட்டி ஒரு வரி பாடினார். நிறுத்தினார். திரும்பப் பாடினார். எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் இருபது வருடமாகப் பின்வரிசையில் நிற்கிறவள் நான். குரல் தந்தியைவிட்டுக் கீழே வழுகுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மூன்றாம் தடவையும் அப்படித்தான். அவர் கிற்றாரை மடியில் படுக்க வைத்தார்.

"ஒளிக்காமல் சொல்லு. தந்தியெல்லாம் சரியாய் நிக்குதோ?"

"ஓம். சுருதி பாக்கிற மெசினிலயும் வைச்சுப் பார்த்தனான்."

"அப்ப என்ர காதுதான்."

ஒரு காது பத்து வருடத்துக்கு முன்பே போய்விட்டதாம். மற்றக் காதும் ஒரு நாள் கைவிடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் காதை நம்பிப் பாடுவதில்லை. தடித்த தந்தி தேனீபோல் இரையும். அது மரத்தால் ஏறி நெஞ்சுக்குள் வரும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பாடுகிறார்.

"இண்டைக்குத் தேனீ இல்லை. நெஞ்சுக்கும் கேக்கேல்லை. அவ்வளவுதான் போல." கோப்பையைக் கீழே வைத்தார். "ஹோல் மனேச்சரைக் கூப்பிடு பிள்ளை. சனத்தை வர வேண்டாமெண்டு சொல்லுவம். நான் இனிப் பாடேல்லை. வீட்டை போறன்."

அப்போதுதான் எனக்கு அந்த நூல் நினைவுக்கு வந்தது. தந்தியை இரைய வைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நூல் அதன் இடத்தில் இருக்கும் என்று நம்பியதாலோ என்னவோ, அவர் சாடிலைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் கண்ணாடி இல்லாமல் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் தன் காதையே குற்றம் சொல்லிக்கொண்டு ஊருக்குப் போவார். இனி ஒருநாளும் பாடவும் மாட்டார். எனக்கோ பட்டறைக்கோ ஒரு சொல்லும் வராது. கதவடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"அம்மா, உங்கட காது இல்லை. நான்தான்."

"என்ன?"

"ஆறாவது தந்திக்குக் கீழ ஒரு நூல் கிடந்தது. குப்பையெண்டு எடுத்து எறிஞ்சு போட்டன்."

அவர் கண்ணாடியை இறக்கிச் சாடிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ தமிழ்ப் பெட்டையெல்லோ?"

"ஓம்."

"அந்த நூலை எனக்குக் காட்டித் தந்ததே ஒரு தமிழ்ப் பெட்டைதானடி!"

இருமல் வரும்வரை சிரித்தார். இளம் வயதில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் இருந்தாராம். வேலை முடிந்து வந்து தம்புரா மீட்டுவார். தந்திக்கு அடியில் நூல் வைத்தால்தான் அது இரையும் என்று அவர் காட்டியிருக்கிறார். நோரா அதைத் தன் கிற்றாரில் செய்து பார்த்திருக்கிறார். நான் கோயில் பாட்டுக்காரி. தம்புராவைக் கிட்ட நின்றுகூடப் பார்த்ததில்லை. நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

"கோவம் வருது, இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார். "ஆனா காது போகேல்லை எண்டது அதைவிடப் பெரிசு. சரி, நூல் தேடு!"

ரீ பாக்

என் சட்டைத் தையலில் ஒரு நூலை இழுத்தேன். மெல்லிசு, இரையவில்லை. சப்பாத்துக் கயிற்றைப் பிரித்தேன். அது தடிப்பு, தந்தியின் ஒலி அடைத்துப்போனது. மணி இரண்டாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவரோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டெல்லாம் குசினியில் கோப்பை கழுவும்போது வந்தவையாம்.

"கை ஈரம். எழுதேலாது. பின்னேரம் வரைக்கும் மறக்காமல் நிண்டதுதான் பாட்டு. மற்றதெல்லாம் தண்ணியோட போயிட்டுது."

சொல்லிக்கொண்டே தேநீர்க் கோப்பையைப் பார்த்தவர், ரீ பாக்கில் தொங்கிய நூலைப் பிடித்துத் தூக்கினார். வெள்ளைப் பருத்தி நூல்.

"இதைக் கழுவித் தா."

கழுவி, கழிவறையில் கை உலர்த்துகிற மெசினில் காயவைத்தேன். "நீ நகத்து, நான் கேக்கிறன்," என்று அவர் குனிந்து நாடியைக் கிற்றாரின் மேல் வைத்துக்கொண்டார். நான் நூலைத் தந்திக்கு அடியில் செருகி நகத்தால் மயிரளவு மயிரளவாகத் தள்ளினேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இடத்தில் அந்த மரம் முழுவதும் உயிர் வந்ததுபோல் இரைந்தது. என் விரல் நுனியிலும் அது ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியைப் பாடினார். குரல் போய்த் தந்தியின் மேல் அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு நான் மேடையோரத் திரைக்குப் பின்னால் நின்றேன். செல்வா சொன்னபடி முன்வரிசையில் இருந்தார். முதல் பாட்டு, பள்ளிக்கூடக் குசினியில் இரண்டாம் தரம் சாப்பாடு கேட்க வெட்கப்பட்டு வரிசையின் கடைசியில் நிற்கிற ஒரு பிள்ளையைப் பற்றியது. அந்தக் கிழட்டுக் குரல் உடைகிற இடத்தில் எல்லாம் தேனீயின் இரைச்சல் வந்து தாங்கியது. எவ்வளவோ பூசைகளில் எவ்வளவோ பாட்டுக் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷி இவ்வளவு சின்ன ஒரு நூலின் மேல் ஐம்பது வருடம் நின்றதை நான் கண்டதில்லை. முழங்காலில் நிற்க வேண்டும் போல் இருந்தது. மூன்றாவது பாட்டு முடிய அவர் தேநீர்க் கோப்பையைத் திரைப்பக்கம் உயர்த்திக் காட்டினார். சனம் ஏனென்று தெரியாமலே கைதட்டியது.

ஊத்தை என்று நமக்குத் தெரிவது இன்னொருவர் நிற்கிற இடமாக இருக்கலாம். எதையும் எடுத்து எறியுமுன் கேளுங்கள். எனக்குச் சொல்ல இருந்தது இவ்வளவுதான்.

மறுநாள் திங்கள். செல்வாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் குப்பைத் தொட்டியைப் போய்ப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. மேசையில் மூன்று கிற்றார்கள் இருந்தன. தந்தியைக் கழற்றலாமா என்று கேட்க முதலாவதன் சொந்தக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. அதைக் கழற்றாமல் வைத்துவிட்டு இரண்டாவதன் சொந்தக்காரருக்குப் போன் எடுத்தேன்.